அந்தக் கிளை என்ன விலை?

நான் கைக்குழந்தையாக இருந்தபோது என் விலை பன்னிரண்டாயிரம். சொன்னவர் என் அப்பா. கேட்டவர் மீன்தொட்டி வாங்க வந்த ஒரு வாத்தியார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எச்சில் வடித்துக்கொண்டிருந்த என்னைக் காட்டி, "இது என்ன விலைங்க?" என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். அப்பா யோசிக்கவே இல்லையாம். "பன்னெண்டாயிரம். தொட்டியோட சேத்து எடுத்தா ஆயிரம் கொறச்சுக்கலாம்" என்றாராம். அம்மா உள்ளேயிருந்து கரண்டியோடு ஓடிவந்தது வரை தெருவுக்கே மனப்பாடம். எதிர்க்கடைத் தையல்காரர் இன்றைக்கும் என்னைப் பன்னிரண்டாயிரம் என்றுதான் கூப்பிடுகிறார். இத்தனை விலைவாசி ஏற்றத்திலும் என்னுடையது மட்டும் ஏறவே இல்லை.

அப்பாவுக்கு இரண்டே கொள்கை. கடைக்குள் நின்றுகொண்டு யார் எதைக் கைகாட்டிக் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். 'இது விற்பனைக்கு இல்லை' என்பது கடைக்காரன் வாயில் வரக்கூடாத வார்த்தை. இரண்டாவது, சொன்ன விலையைத் திரும்ப எடுக்கக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து அவரை ஒருநாள் பகல் முழுக்க நிற்க வைத்தன. உட்கார்ந்திருந்த முக்காலியை யாரோ விலை கேட்டார்கள், சொன்னார், காசைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்களுடையது வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடை. முன்பக்கம் மீன், கிளி, முயல். சம்பாத்தியம் பின்னறையில். அங்கே சுவர் நிறைய கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஈரப்பாசி, குச்சிகள், பிளாஸ்டிக் இலை, ஒரு மரப்பல்லி. வீட்டுச் சுவரில் டியூப்லைட்டைச் சுற்றி ஓடுமே, அந்த ரகம் இல்லை. உள்ளங்கை நீளம். காய்ந்த இலையின் நிறம். கண்ணுக்கு மேலே ஒப்பனை செய்ததுபோல வரிசையாகச் சின்னச் சின்ன முட்கள். இமை கிடையாது, தூசு விழுந்தால் நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். பகலெல்லாம் தூங்கும். பார்க்கிறவர்களுக்கு அது பல்லியா பட்டையா என்று தெரியாது.

அதன் வாலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டுப் பல்லிக்கு வால் போனால் மறுபடி முளைக்கும். இதற்கு முளைக்காது. ஆயுசுக்கு ஒரு வால். அதனால் எங்களிடம் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது வாலைத்தான். வால் இல்லாததை முக்கால் விலைக்குக்கூட எடுக்கமாட்டார்கள். காட்டில் கதை தலைகீழ். ஆந்தை, பாம்பு, கிளை முறிந்து விழுவது என்று ஏதோ ஒன்றுக்கு வாலைக் கொடுத்துவிட்டு உயிரோடு தப்பித்தவைதான் அங்கே வளர்ந்து நிற்கும். காட்டில் வால் என்பது உயிருக்குக் கொடுத்த முன்பணம். விவரம் தெரிந்தவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்: வளர்ந்ததற்கு வால் இருந்தால் பெட்டியில் பிறந்தது, இல்லாவிட்டால் மரத்தில் பிழைத்தது.

பெட்டியில் பிறந்ததை விற்க எங்களிடம் உரிமம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எண், படம், வனத்துறை முத்திரை. காட்டில் பிடித்ததை ஒருநாள்கூட வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால் உரிமம் போகும், ஆள் உள்ளே போவார்.

இதில் எங்களுக்கு ஒரு தலைவலி. அப்பா பல வருடங்களுக்கு முன்பு வாங்கிய ஒரே ஜோடியின் வாரிசுகள்தான் அத்தனையும். பின்னறையில் எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன், எல்லாரும் எல்லாருக்கும் சித்தி. ரத்தம் நீர்த்துவிட்டது. முட்டைகள் மஞ்சளாகிக் குழிந்தன. பொரித்தவை கோணல் தாடையோடு வந்தன. புது ரத்தம் வேண்டும் என்று அப்பா புலம்பாத நாள் இல்லை.

அப்போதுதான் மச்சான் டிபன் கேரியரோடு வந்தார்.

மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர். மலையிலிருந்து மரம் ஏற்றிவரும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், ஆனால் கை சும்மா இருக்காது. முன்பு ஒருதடவை கிளிக்குஞ்சுகளைச் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து வனத்துறையிடம் மாட்டி, இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். இரண்டாம் தடவை என்றால் ஜெயில்தான் என்று அப்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்று கேரியரின் மேலடுக்கைத் திறந்து கல்லாவில் வைத்தார். உள்ளே ஈரத்துணி. துணிக்கு நடுவில் வால் இல்லாத ஒரு பெரிய பெண் பல்லி.

"வெட்டுன மரத்துல ஒட்டிக்கிட்டே வந்திருக்கா" என்றார். "மரம் எறக்கும்போது அடிப்பக்கம் பாத்தா, அப்படியே இருக்கா. அங்கேருந்து இங்க வரைக்கும் லாரி எப்படிக் குலுங்கும்! விடலையே பிடிய."

"இது ஒண்ணுதானா?" என்றார் அப்பா.

மச்சான் ஈரத்துணியை இழுத்து அவள்மேல் மூடினார். "நான் அங்க லாரிய நிறுத்திட்டுப் படுத்திருப்பேன் மாமா. இருட்டுற நேரத்துல மேல கிளையில குட்டிநாய் கொலைக்கிற மாதிரி சத்தம் கேக்கும். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு பதில் சொல்லும். எல்லாம் இதுங்கதான். மரம் சாஞ்சதும் அதுலேருந்து எவ்வளவு ஓடுச்சுன்னு நினைக்கிறீங்க! ஒண்ணுக்கும் வால் இல்ல. ஆளுங்க மிதிச்சுக்கிட்டே போறாங்க. மறுநாள் சாயங்காலம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல."

அக்கா கேரியரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "இப்பவே கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

"எங்க விடுறது? அவ மரமே நம்ம லாரியிலதான் வந்துச்சு."

ஒரு வாரம் என்றார் அப்பா. ஒரு வாரம் என்பது அப்பாவின் வாயில் நீட்டிக்கக்கூடிய சரக்கு. பின்னறையின் கடைசிப் பெட்டியில் எண் இல்லாமல், படம் இல்லாமல் அவள் இருந்தாள். தட்டில் வைத்த பழக்கூழைத் தொடவில்லை. அக்கா அவளுக்கு மகாராணி என்று பேர் வைத்தாள். "நாம வைக்கிறத எல்லாம் அவங்க சாப்பிடுவாங்களா? ஓடுற பூச்சியா இருக்கணும், அதுவும் அவங்களாப் பிடிக்கணும்." மற்றவை பெட்டியின் நடுக்குச்சியில் உட்காரும். மகாராணி மேல்மூலையில், மூடிக்கு ஒட்டி இருப்பாள். விளக்கை அணைத்ததும் கண்ணாடியில் போய் மோதுவாள். மூக்குநுனி தேய்ந்து சிவந்துவிட்டது. கண்ணாடி என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதை அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை.

பிறகு பாசிக்குள் இரண்டு முட்டை போட்டாள். வெள்ளை வெளேரென்று, அழுத்தினால் குழியாத முட்டைகள். காட்டிலேயே சூல் கொண்டு வந்திருக்கிறாள். அப்பா ஒரு முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக ஒரு வளையம், அதிலிருந்து நூல்நூலாக நரம்புகள். கோணல் இல்லாத புது ரத்தம். நான் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோடி இவ்வளவு போகும், மூன்று தலைமுறையில் இவ்வளவு ஆகும் என்று கணக்கு வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். எனக்கு அப்போதே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஆய்வாளர் அம்மா அறிவிக்காமல் வந்தது ஒரு மத்தியானம். வனத்துறைக்காரர். தெருவில் அவருக்கு ரூல்தடி என்று பேர். நேராக நிற்பார், நேராகப் பேசுவார். இந்தத் தெருவிலேயே வளர்ந்தவர். பள்ளிக்கூடப் பையோடு எங்கள் கடைக்கு வந்து, வாசலில் யாரோ நிறுத்தியிருந்த சைக்கிளைக் காட்டி விலை கேட்ட பெண் இவர்தான். அப்பா சைக்கிளுக்கும் விலை சொன்னார். நல்லவேளை, பாப்பாவின் கையில் காசு இல்லை.

"வணக்கம் ஐயா. வருஷப் பரிசோதனை" என்று சொல்லிவிட்டு முன்பக்க மீன்தொட்டிகளில் குனிந்தார்.

மச்சான் அப்போது பின்னறையில் இருந்தார். பின்னறைக்குப் பின்வாசல் கிடையாது, ஜன்னலுக்குக் கம்பி. வெளியே போக ஒரே வழி கடை வழியாகத்தான். நான் கல்லாவிலிருந்து பார்க்கிறேன்: மச்சான் வலதுகையைச் சட்டைக்குள் விட்டபடி வருகிறார், இடதுகையில் பிஸ்கட் டப்பா. டப்பாவை என் பக்கம் தள்ளினார். மூடியில் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே பாசியில் முட்டைகள். அவர் கை சட்டையிலிருந்து வெளியே வந்து, கல்லாவுக்கு மேலே அலங்காரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்த காய்ந்த கிளையில் ஒரு நொடி பட்டு, கீழே இறங்கியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கிளையில் ஒன்றும் இல்லை. மறுபடி பார்த்தேன். பட்டையில் ஒரு பகுதிக்கு மட்டும் கண் இருந்தது.

"என்ன மச்சான் இது?" என்றேன் உதடு அசையாமல்.

"வாய மூடு. முன்னாடி இருக்கிறத யாரும் பாக்கமாட்டாங்க."

ஆய்வாளர் பின்னறைக்குப் போனார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, எண்ணையும் படத்தையும் பல்லியையும் ஒத்துப் பார்த்தார். கடைசிப் பெட்டி காலி. "இது ஏன் ஈரமா இருக்கு?" "கழுவி வச்சிருக்கோம்மா" என்றார் அப்பா. அது பொய் இல்லை என்று அவரே நம்புகிற குரலில் சொன்னார். அந்தக் குரலை என்னால் காசு கொடுத்துக்கூடக் கற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆய்வாளர் திரும்பி வந்து கல்லாவில் காகிதத்தைப் பரப்பி எழுத ஆரம்பித்தார். அவர் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் மகாராணி. என் முழங்கைக்கு அடியில் பிஸ்கட் டப்பா. மச்சான் முயல்கூண்டு பக்கம் நின்று முயலுக்கு ஒரே கீரையைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருந்தார். முயல் கடிக்க வந்தால் இழுத்துக்கொண்டார். அது இவரை முறைத்தது. அக்கா பின்னறை வாசலில்.

இரைக்கு வைத்திருந்த பூச்சிக் கூண்டிலிருந்து ஒன்று தப்பித்து அலைந்தது அந்த நேரத்தில்தானா கண்ணில் படவேண்டும்! சுவர்க்கோழிப் பூச்சி. கிளையைக் கட்டியிருந்த கயிற்றில் இறங்கியது. கிளைக்கு வந்தது. மீசையை ஆட்டியபடி நேராக அவளை நோக்கி நடந்தது. போ, திரும்பிப் போ என்று மனதுக்குள் கெஞ்சினேன். பட்டை தலையைத் தூக்கியது.

கறுக்.

நான் இருமினேன். மச்சானும் இருமினார். அக்காவும் இருமினாள்.

"என்ன, வீட்டுல எல்லாருக்கும் சளியா?" என்றார் ஆய்வாளர் எழுதிக்கொண்டே.

"சீசன்தானேம்மா" என்றார் அப்பா.

கடைசிக் கையெழுத்து. பேனாவை மூடப்போனவர் சிரித்தார். வேலை முடிந்த சிரிப்பு. பள்ளிக்கூடப் பையோடு வந்த பெண்ணின் சிரிப்பு. "ஐயா, இன்னும் எல்லாத்துக்கும் வெல சொல்றீங்களா? எங்க, பாப்போம்." நிமிராமல் பேனாவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "இந்தக் கெள என்ன வெல?"

அவர் பார்த்திருக்கவில்லை. இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், அந்த நிமிடம் வரை அவருக்கு ஒன்றும் தெரியாது. தலைக்கு மேலே ஒரு கிளை தொங்குகிறது என்பதைத் தவிர.

அப்பா இருநூறு என்றிருந்தால் அவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அல்லது இருநூறை எடுத்து நீட்டியிருப்பார்; சொன்ன விலை திரும்பாது, கிளையை அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டாவதுதான் அப்பாவின் தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஒரு கோடி என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவருக்கு அது தோன்றவில்லை.

"அது விக்கிறதுக்கில்லம்மா" என்றார்.

முயல் கீரையை மெல்லும் சத்தம் கேட்டது. மச்சான் கையை இழுக்க மறந்திருந்தார். எதிர்க்கடையில் தையல் மெஷின் நின்றது மாதிரிகூட எனக்கு இருந்தது. இந்தத் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். என் அப்பா அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளைக்கு விலை சொன்ன மனுஷன் ஒரு காய்ந்த குச்சிக்குச் சொல்லமாட்டேன் என்கிறார்.

ஆய்வாளரின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. மேலே பார்க்கவில்லை. பேனாவைக் கீழே இறக்கி, மூடியைக் கழற்றி, அப்பாவின் முகத்தையே பார்த்தார். அப்பாவின் நெற்றியில் வியர்வை புறப்பட்டது.

"விக்கிறதுக்கில்லையா?" என்றார் மெல்ல.

"அம்மா… ஏதாவது பாத்து…"

"பாத்து? என்ன பாத்து? எனக்கு ஒரு வெல சொல்லப்போறீங்களா? சொல்லுங்க, கேக்கறேன்."

இதற்கும் அப்பாவால் விலை சொல்ல முடியவில்லை. ஒரே நாளில் இரண்டாவது தடவை.

ஆய்வாளர் பையிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்து வைத்தார். "நான் இன்னும் மேல பாக்கல. பாத்துட்டா நான் கண்டுபிடிச்சதா ஆயிடும். அப்புறம் யாரு என்னன்னு கோர்ட்டுலதான் பேசணும். பாக்கிறதுக்கு முன்னாடி யாராவது தானா முன்வந்து ஒப்படைச்சா, அதுக்கு இந்தக் காகிதம். கேஸ் வராது, லைசென்சும் போகாது. இதுல யாரு கொண்டுவந்ததுன்னு மட்டும் எழுதினாப் போதாது. எந்த எடத்துலேருந்து, எந்த மரத்துலேருந்து, அங்க யாரு வெட்டுறா, எல்லாம் வேணும்."

மச்சானின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. எனக்குப் புரிந்தது. மச்சான் லாரி ஓட்டுவது மரம் வெட்டும் காண்ட்ராக்டரிடம். அவருக்கு மலையில் அனுமதி ஓடைக்குக் கீழ்ப்பக்கம்தான். மரம் வெட்டியது ஓடைக்கு மேல்பக்கம். அதைச் சொன்னால் மச்சானுக்கு லாரி இல்லை. இந்த மலையில் ஓடுகிற எந்த லாரியும் இல்லை. சொல்லாவிட்டால் ஜெயில். அக்கா வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதற்குள் மேலே வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. பூச்சி ருசி கண்டு விழித்துக்கொண்ட மகாராணி கிளையின் நுனிக்கு வந்திருந்தாள். தலையைத் தாழ்த்தினாள். பக்கவாட்டில் ஆட்டித் தூரம் பார்த்தாள். எங்கள் பல்லிகள் அப்படிச் செய்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதற்கடுத்து வருவது ஒன்றே ஒன்றுதான். அவளுக்குக் கீழே நேராக ஆய்வாளரின் தோள், காக்கி நிறத்தில், நல்ல அகலமான கிளை மாதிரி.

"மச்சான்" என்றேன். "சொல்றதானா இப்பவே சொல்லுங்க."

"இரு, யோசிக்க விடு…"

"யோசிக்க நேரமில்ல மச்சான்."

அவர் என் கண் போன இடத்தைப் பார்த்தார். மகாராணியின் பின்னங்கால்கள் மடங்கின.

"என்னங்க!" என்றாள் அக்கா. அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"நான்தாம்மா கொண்டுவந்தேன்!" மச்சான் மூச்சுவிடாமல் கொட்டினார். "ஓடைக்கு மேல்சரிவு, ரெண்டாவது வளைவு தாண்டி, பெரிய பாறைக்குப் பின்னாடி. காண்ட்ராக்டர்தான் வெட்டுறாரு. ராத்திரியில. நான்தான் ஏத்துனேன். அந்த மரத்துலதான் இவ—"

தொப்.

ஆய்வாளர் அசையவில்லை. தோளில் வந்து விழுந்ததைக் கடைக்கண்ணால் பார்த்தார். மகாராணி நாக்கை நீட்டி ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ பாத்துட்டேன்" என்றார் ஆய்வாளர்.

கையை மெதுவாகக் கொண்டுபோய், பிடிக்காமல், நடந்து ஏற விட்டார். விவரம் தெரிந்த கை. தேய்ந்த மூக்கைப் பார்த்து உதட்டைக் கடித்தார். வயிற்றின் அடியில் விரலால் தடவினார். தளர்ந்து தொங்கும் தோல். தலையை நிமிர்த்தினார்.

"இவ முட்ட போட்டிருக்காளே."

அப்பா மச்சானைப் பார்த்தார். மச்சான் அக்காவைப் பார்த்தார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வியாபாரக் குடும்பம்தான்; ஆனால் சரக்கு எங்கே இருக்கிறது என்று வாடிக்கையாளருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியிருக்க முடியாது.

டப்பா என் முழங்கைக்கு அடியில் இருந்தது. இல்லை என்று சொல்லலாம். பின்னறையின் எதிர்காலமே அதற்குள் இருந்தது. நரம்போடிய இரண்டு முட்டை. ஆனால் மச்சான் அப்போதுதான் தன் பிழைப்பைப் பிடுங்கிக் கல்லாவில் வைத்திருந்தார். நான் பொய் சொல்லி அது வெளியே வந்தால் 'தானா முன்வந்து' என்பது செத்துப்போகும். அவர் கொடுத்ததும் வீண், ஜெயிலுக்குப் போவதும் நிச்சயம்.

"ரெண்டு" என்றேன். முழங்கையை எடுத்தேன். உடனே, பன்னிரண்டாயிரம் என்று பேர் வாங்கியவன் சும்மா இருப்பானா, "ஆனா கொண்டுபோகாதீங்க" என்றேன்.

"என்ன?"

"முட்டைய வச்ச மேனிக்கு அசையாம வச்சிருக்கணும். புரண்டா உள்ள இருக்கிறது மூச்சுமுட்டிச் செத்துடும். உங்க ஜீப்புல, அந்த ரோட்டுல, எப்படித் தாங்கும்? இங்கேருந்து டப்பாவ நாங்க நகத்தவே மாட்டோம். பொரிஞ்சதும் வந்து எடுத்துக்குங்க."

"பொரிஞ்சதும் ஒண்ணுதான் பொரிஞ்சுதுன்னு சொல்வீங்க."

"ரெண்டாவதுல என்ன இருந்துச்சோ அதையும் டப்பாவுலயே வச்சிருப்போம். நீங்களே பிரிச்சுப் பாருங்க."

"வாரம் ஒருநாள் வருவேன். சொல்லிட்டு வரமாட்டேன்."

"வாங்க. டீ நம்ம செலவு."

"டீ வேணாம்" என்றார். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "கடைக்கார மாமா, ஒரு எரநூறு சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்" என்றார். கோபமா, வருத்தமா, எனக்கு இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் ஆய்வாளர் மச்சானையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். இடம் காட்ட ஆள் வேண்டுமே. வெட்டிய கட்டைகளைத் தாண்டி, மரம் இன்னும் நிற்கிற பக்கத்தில் அவளை ஓர் அடிமரத்தில் விட்டார்களாம். "ஒரு ஆள் உயரம் ஏறுற வரைக்கும்தான் தெரிஞ்சா" என்றார் மச்சான். "அப்புறம் மரந்தான் தெரிஞ்சுது. நாங்க கீழ எறங்கும்போது இருட்டிருச்சு. ஒண்ணு கொலச்சுது. அவதானான்னு கேக்காத, எனக்குத் தெரியாது."

மேல்சரிவில் வெட்டு நின்றது. மச்சானுக்கு லாரியும் நின்றது. கடையில் வந்து பூச்சிக் கூண்டைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். பூச்சிகளிடம் கியர் மாற்றும் பாவனையில் பேசுவார்.

பத்துநாள் போயிருக்கும். காண்ட்ராக்டரே கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வாசனை, நிதானமான சிரிப்பு. வாசலில் இரண்டு பேர் காரில் சாய்ந்து நின்றார்கள். மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்கு வந்தார்.

"பெரியவரே, இந்தக் கடையில எல்லாத்துக்கும் வெல உண்டாமே?"

"உண்டு" என்றார் அப்பா.

"உங்க மாப்பிள்ள சொன்னத மாத்திச் சொல்லணும். எடத்த மறந்துட்டேன், இருட்டு, தப்பாச் சொல்லிட்டேன்னு. அது என்ன வெல?"

மச்சான் கையிலிருந்த பூச்சி டப்பாவைக் கீழே வைத்தார். அப்பா மறுபடி அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அந்த ஆளிடம் அதைச் சொன்னால் அவர்கள் கடையை உடைத்துவிட்டுத்தான் போவார்கள்.

அப்பா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு கோடி."

காண்ட்ராக்டர் சிரித்தார். "பேரம் பேசலாமா?"

"தாராளமா."

"ஒரு லட்சம்."

"ஒண்ணரைக் கோடி."

"பெரியவரே, நான் கொறைக்கச் சொல்றேன்."

"நீங்க கேக்கக் கேக்க எனக்கு ஏறுது. ரெண்டு கோடி."

"வெளையாடுறீங்களா? மூணு லட்சம். அதுக்கு மேல பேச்சில்ல."

"ரெண்டரை. அப்புறம், சொன்ன வெலைய நான் எறக்குறதில்ல. இந்தத் தெருவுல யார வேணாலும் கேளுங்க. நாளைக்கு வந்தீங்கன்னா நாளைக்கு என்ன வெலையோ."

எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். தெருவில் அப்பாவின் பேரம் என்றால் எப்போதும் கூட்டம் கூடும். காண்ட்ராக்டர் கூட்டத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே ஒட்டியிருந்தது. கண் மட்டும் சிரிக்கவில்லை.

"பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் 'பாத்துக்கலாம்' எங்கள் வாசலில் பல நாள் கிடந்தது. மச்சான் தனியாக வெளியே போவதை அக்கா நிறுத்திவிட்டாள். வழக்கு ஏறி, இரண்டு லாரிகளை வனத்துறை பிடித்துக்கொண்டு போன பிறகுதான் நாங்கள் கடையைச் சாத்தும்போது இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பதை விட்டோம்.

டப்பாவைச் சொன்னபடி நகர்த்தவில்லை. கல்லாவை அதற்கேற்ப நான்தான் நகர்ந்து நகர்ந்து பார்த்தேன். ஆய்வாளர் சொன்னபடி சொல்லாமல் வந்தார். குனிந்து பார்ப்பார், எழுதுவார், போய்விடுவார். பிறகு ஒரு காலையில் மூடியைத் திறந்தால் பாசியின் மேல் ஒரு குஞ்சு. விரல்கணு அளவு. தாடை நேர். முதுகு நேர். தன்னைவிட நீளமாகத் தெரிந்த ஒரு வால். எங்களைப் பார்த்து வாயைத் திறந்து மிரட்டியது.

"அம்மா மாதிரியே" என்றாள் அக்கா.

இன்னொரு முட்டை பொரிக்கவில்லை. நாள் பார்த்தோம், டார்ச் அடித்துப் பார்த்தோம். நரம்புகள் மங்கிப்போயின. ஒரு பக்கம் குழிந்தது. தூக்கிப்போடவில்லை, அப்படியே வைத்திருந்தோம். ஆய்வாளர் வந்து கத்தியின் நுனியால் ஓட்டைப் பிரித்தார். உள்ளே முழுதாக வளர்ந்த ஒரு குஞ்சு, வாலைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு தூங்குகிற மாதிரி. ஆய்வாளர் கத்தியைத் துடைத்து மடக்கினார்.

அப்பா பின்னறைப் பக்கம் கைகாட்டினார். "ரெண்டு சொன்னோம். ஒண்ணு கொறையுது. எங்க ரூம்லேருந்து நல்லதா ஒண்ணு எடுத்துக்குங்கம்மா. வால் இருக்கறதா. கணக்கு நேராயிடும்."

"அது அங்க போனா ஒரு வாரம் தாங்காது மாமா. தட்டுல வச்சாத்தான் சாப்பிடும். ஆந்தைன்னா என்னன்னே தெரியாது."

"அப்போ பாக்கியா வச்சுக்கறேன்" என்றார் அப்பா.

ஆய்வாளர் குஞ்சை எடுத்துக்கொண்டு போனார். கல்லாவுக்கு மேலே கிளை இன்னும் தொங்குகிறது. யாராவது விலை கேட்டால் இருநூறு. இதுவரை யாரும் எடுக்கவில்லை.

அன்று கடை சாத்தும் முன் அப்பா விரலை மடக்கினார். வந்தது: தாய் ஒன்று, முட்டை இரண்டு. திரும்பிப் போனது: தாய் ஒன்று, குஞ்சு ஒன்று. மச்சானின் லாரி இந்தக் கணக்கில் வராது என்றார். வரும் என்றாள் அக்கா. அதைத் தனியாக எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு மீதியைக் கூட்டினார். மலைக்கு எங்கள் கடை தரவேண்டிய பாக்கி: ஒன்று. வட்டியைப் பற்றி மலை இன்னும் பேச்செடுக்கவில்லை.